கொலஸ்திரோல் குளிசையும் உடம்பு உளைவும்

கிளினிக்கில் கொலஸ்திரோல் குளிசை எழுதிக் கொடுத்ததும் நம்மவர் பலர் கேட்பது அதன் பயனைப் பற்றியல்ல. "உது உடம்பை முறிக்குமாமே?" என்பதுதான் முதற் கேள்வி. ஒருவர் கால் உளைவென்று நிறுத்திவிட்டார், இன்னொருவருக்குச் சலரோகம் வந்துவிட்டது என்ற கதைகள் குளிசைக்கு முன்னரே வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. இக்கதைகள் முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. எந்தக் குளிசைக்கு எவ்வளவு பொருந்தும் என்று பிரித்துப் பார்ப்போம்.

இக்குளிசைகளின் பிறப்பு நமது தொழிலுக்குத் தூரமானதல்ல. ஜப்பானில் கமக்காரக் குடும்பமொன்றில் பிறந்த அக்கிரா எண்டோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973இல், அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து, ஈரல் கொலஸ்திரோல் செய்வதைத் தடுக்கும் பொருளைக் கண்டுகொண்டார். அந்த வழியில் வந்தவையே சிம்வாஸ்ரற்றின், பிறவாஸ்ரற்றின், அற்றோவாஸ்ரற்றின், றோசுவாஸ்ரற்றின் என்பன. நமது அரச கிளினிக்குகளில் பெரும்பாலும் தரப்படுவது அற்றோவாஸ்ரற்றின். எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. உடம்பு அவற்றைக் கழித்துவிடும் வழி வேறு வேறு. பக்கவிளைவுகளிற் காணும் வித்தியாசங்களிற் பல அதனால் வருபவை.

தசை உளைவை முதலில் எடுப்போம். லண்டனில் 60 பேரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. அவர்கள் அனைவரும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லையென்று குளிசையை முன்னரே நிறுத்தியவர்கள். ஓராண்டில் நான்கு மாதம் அற்றோவாஸ்ரற்றின், நான்கு மாதம் அதேபோலத் தோன்றும் வெற்றுக் குளிசை, நான்கு மாதம் ஒன்றுமில்லை என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். எந்த மாதம் எது என்று அவர்களுக்குத் தெரியாது; குளிசையே இல்லாத மாதம் மட்டும் தெரியும். குளிசை இல்லாத மாதங்களில் உபாதை குறைந்தது. ஆனால் மருந்துக் குளிசையோடு வந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றுக் குளிசையோடும் வந்திருந்தது! உளைவு பொய்யென்று இதற்குப் பொருளல்ல. உளைவு இருந்தது, அதிற் பெரும்பங்கு மருந்தினால் வந்ததல்ல. நாள் முழுதும் குனிந்து களை பிடுங்குபவருக்கு நாரியும் தொடையும் உளைய வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

எனினும் மெய்யான தசைச்சிதைவு ஒன்று உண்டு. மிக அரிதாகவே வரும். தசை கரைந்து இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். இக்கூட்டத்தைச் சேர்ந்த செறிவாஸ்ரற்றின் என்ற மருந்து, இதனால் ஏற்பட்ட மரணங்களுக்குப் பின் 2001இல் உலகச் சந்தையிலிருந்தே மீளப்பெறப்பட்டது. இன்றுள்ளவற்றுள் சிம்வாஸ்ரற்றின் கூடிய அளவிற் கொடுக்கப்படும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இல் 80 மில்லிகிராம் அளவைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாமென்று அறிவித்தது. பிரஷருக்கு அம்லோடிபின் எடுப்பவர் சிம்வாஸ்ரற்றினை 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லிகளோடு அதைச் சேர்க்கவே கூடாது. அற்றோவாஸ்ரற்றினும் கிளாரித்ரோமைசினோடு உடம்பிற் கூடும். ஆனால் இவ்வளவு மோசமில்லை. தடிமன், சளிக்கென்று பாமசியில் தாமாகவே கப்சூல் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

றோசுவாஸ்ரற்றின் குறைந்த அளவிலேயே நன்கு வேலை செய்யும். ஆனால் ஆசிய மக்களின் இரத்தத்தில் அது ஐரோப்பியரிலும் பார்க்க ஏறக்குறைய இரு மடங்கு சேர்வதாகக் கண்டிருக்கிறார்கள். ஆகவே நம்மவருக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவதே முறை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்போகக் கூடாது. அற்றோவாஸ்ரற்றினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிறுநீரக நோய்க்காக அதன் அளவைக் குறைக்கத் தேவையில்லை. அநுராதபுரம், பொலநறுவை, வவுனியாப் பக்கக் கமக்காரரிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருப்பதை நாம் அறிவோம். ஆகவே இது நமக்குச் சிறிய வித்தியாசமல்ல.

சலரோகக் கதையிலும் சிறிது உண்மை உண்டு. 2010இல் வெளியான தொகுப்பாய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் இக்குளிசையை எடுத்தால் மேலதிகமாக ஒருவருக்குச் சலரோகம் வருகிறது. அளவு கூடினால் இதுவும் கூடும். பெரும்பாலும் ஏற்கெனவே சீனி எல்லையில் நிற்பவர்களுக்கே வருவதால், ஆண்டுக்கொருமுறை இரத்தச் சீனியைப் பார்த்தாற் போதும். ஈரல் பழுதாகும் என்ற பயம் மிகைப்பட்டது.

வேறு வகை மருந்துகளும் உள. எசெற்றிமைப் சாதுவானது, தனியே எடுத்தால் பலனும் குறைவு. பெனோபைப்ரேற் பித்தக்கல்லை உண்டாக்கக்கூடும். ஜெம்பைப்ரோசிலை ஸ்ரற்றின் குளிசையோடு சேர்ப்பது தசைக்கு ஆபத்து. நியாசின் முகத்தைச் சிவக்கவைத்து எரிவு தரும். இப்போது அதை விரும்பிக் கொடுப்பார் குறைவு.

கடுமையான தசை நோவோடு சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம்போலப் போனால், குளிசையை நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலும் சேர்ந்து, கெண்டைக்கால் நோவெடுத்தால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆகவே சேற்றில் இறங்கியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கர்ப்பமானால் உடனே தெரிவிக்க வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கு இது உகந்ததல்ல.

இடம் மாறித் திரியும் குடும்பங்களில் கிளினிக் கொப்பி தொலைவது வழமை. குளிசையின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்தால், புதிய இடத்து வைத்தியர் வேறு மருந்தோடு மோதாமற் பார்ப்பார். "சிவத்தக் குளிசை" என்று சொன்னால் அவருக்கு விளங்காது. இடம்பெயர்வில் சில நாள் தவறிப்போனால் வழமையான ஒன்றையே மீண்டும் தொடங்குங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாக விழுங்க வேண்டாம். ஒருமுறை மாரடைப்பு வந்தவரோ, இருதயக் குழாய்க்கு ஸ்ரென்ற் வைத்தவரோ, உளைவென்று தாமாகவே நிறுத்தக்கூடாது. அளவைக் குறைக்கவோ வேறு ஸ்ரற்றினுக்கு மாற்றவோ கிளினிக்கிற் கேட்கலாம்.