எந்தப் பல்கலைக்கழகம்? படிவம் நிரப்புமுன் ஒரு வார்த்தை



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியானதும் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீட்டுக்கு வீடு இசட் புள்ளியைப் பற்றித்தான் பேச்சு. பின்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பிரித்து, பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் எழுதவேண்டும். பிள்ளையின் அடுத்த சில வருடங்கள் அந்த ஒழுங்கில்தான் தங்கியிருக்கின்றன.

அப்படியொரு படிவத்தோடு ஒரு தந்தை என்னிடம் வந்தார். மகளுக்குப் பேராதனையில் விஞ்ஞானம் கிடைக்கக்கூடிய புள்ளி. "அங்க எங்கட புள்ளைகள் இருக்காங்களா மௌலவி? தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்யிற? தென்கிழக்கையே முதலாவதாப் போட்டுடுவமா?" என்று கேட்டார். மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவரது அச்சத்தை நான் குறைகூற மாட்டேன். 1990ஆம் ஆண்டின் கசப்பான நிகழ்வுகளுக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் நமது மாணவர்கள் கல்வியைத் தொடர முடியாத நிலை ஏற்பட்டது. அந்த நெருக்கடியிலிருந்துதான், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால், 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. 1996 மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகமாகியது.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. வெள்ளையரின் கல்லூரிகள் கதவடைத்த காலத்தில், 1867இல் வாஷிங்டனில் ஹொவார்ட் பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கு சட்டம் கற்ற தேர்குட் மார்ஷல் முன்னின்று வாதாடிய வழக்கில்தான், 1954இல், அரச பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டவிரோதமெனத் தீர்ப்பாகியது. தம்மவர் நிறைந்த இடத்தில் கற்ற கல்வி, எல்லோருக்குமான கதவைத் திறந்தது.

ஆகவே, அருகிலுள்ளதை விரும்புவது தவறல்ல. அச்சத்தினால் மட்டும் தூரத்திலுள்ளதைத் தள்ளிவிடுவதே தவறு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. அம்பாறையும் அத்தகைய மாவட்டமே. தூரத்துப் பல்கலைக்கழகங்களிலும் நமது பிள்ளைகளுக்கு இடம் உண்டு.

முதலில் பாடநெறியைப் பாருங்கள். பிறகு, அங்கு படிக்கும் நமதூர்ப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து விசாரியுங்கள். முஸ்லிம் மாணவர்கள் எத்தனை பேர்? முஸ்லிம் மஜ்லிஸ் இயங்குகிறதா? முதலாம் வருடத்தில் விடுதி கிடைக்குமா? உணவு எப்படி? கலைப்பிரிவாயின், விரும்பும் பாடம் தமிழில் கற்பிக்கப்படுகிறதா? பகிடிவதையைப் பற்றியும் கேளுங்கள். 1998ஆம் ஆண்டிலிருந்து அது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

பேராதனை வளாகத்தில் பள்ளிவாசலும் விகாரையும் கோயிலும் தேவாலயமும் உள்ளன என்று அந்தத் தந்தையிடம் சொன்னேன். அங்கு படிக்கும் நிந்தவூர் மாணவி ஒருவரின் வீட்டுக்கும் அனுப்பிவைத்தேன். "அதுக்கு முதல் மகளிடம் கேளுங்க" என்றும் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார். "பேராதனைதான் வாப்பா" என்றாள் அவள். படிவத்தில் அதுவே முதலாவதாகப் போனது.

இன்னொரு விடயம். இன்று ஒலுவில் வளாகத்திலும் சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்திலும் சிங்கள மாணவர்கள் கணிசமாகக் கற்கிறார்கள். தமிழ் மாணவர்களும் இருக்கிறார்கள். குருநாகலிலோ மாத்தறையிலோ ஒரு தாய், "அங்கே நம்மவர்கள் இருக்கிறார்களா?" என்று இதே கேள்வியைக் கேட்டுத்தான் மகளை நம் ஊருக்கு அனுப்பியிருப்பாள். இங்கே நாம் பெரும்பான்மை. அவள் பிள்ளை சிறுபான்மை. வாடகை அறை கொடுக்கும்போதும், கடையில் அவளது மொழி புரியாதபோதும் நாம் எப்படி நடக்கிறோம்?

மனிதர் பல கோத்திரங்களாக இருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று ஹுஜுராத் அத்தியாயத்தை வைத்து மேடைகளில் பேசுகிறோம். நம் மகளுக்குப் பேராதனையில் எதை எதிர்பார்க்கிறோமோ, அதை ஒலுவிலுக்கு வரும் மகளுக்கு நாம் கொடுக்க வேண்டாமா?