நிழலும் நீரும் கூலியின் பங்கே

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் தேர் வீதிவலம் வந்து ஓய்ந்ததும், வெயில் ஏறத் தொடங்கும். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. தம்புள்ளை, கலேவலைப் பகுதி விவசாயிகளும், பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும், தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் எம் பெண்களும் அந்த வெயிலிலேயே வயிறு கழுவ வேண்டியவர்கள்.

கடந்த பங்குனியில் தோட்டமொன்றின் மாதர் சங்கத்துக்கு நாம் ஒரு பாடத்துடன் சென்றோம். "தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்" என்றோம். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார்.

"தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே சாமி. மலையில நாங்க எங்க போறது?"

கூட்டம் மௌனமானது. காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணியுடன் மலையேறி, மாலைவரை வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது அவர்களின் வழக்கம். தலைசுற்றி உட்கார்ந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். கற்பிக்கச் சென்ற நாமே அன்று கற்றுக்கொண்டோம்.

உடலில் நடப்பது என்ன?

வியர்வை உலரும்போதே உடல் குளிர்கிறது. காற்றில் ஈரலிப்பு மிகுந்தால் வியர்வை உலராது. சூடு உள்ளேயே தங்கும். எனவேதான் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையையும் ஈரலிப்பையும் சேர்த்து, உடல் உணரும் வெப்பத்தைக் கணித்து எச்சரிக்கை விடுக்கிறது. அந்தக் கணக்கு நிழலுக்கு உரியது. நேர் வெயிலில் நிற்பவருக்கு அது 8 பாகை வரை கூடலாம்.

தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை முதல் அடையாளங்கள். உடனே நிழலில் இருத்தி, நீரோ ஜீவனிக் கரைசலோ கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது உயிராபத்து. உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று ஏமாறக்கூடாது. உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். சுவசெரிய 1990ஐ அழையுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நீர் வற்றிய உடலில் சிறுநீரகமும் நோகும். எமது மாவட்டத்தின் வில்கமுவப் பகுதி சிறுநீரக நோயால் நெடுங்காலமாக வருந்துகிறது. அதற்குக் காரணம் ஒன்றல்ல என்கிறார்கள். ஆராயப்படும் காரணங்களில் வெப்பமும் ஒன்று.

பிற நாடுகளில்

உலகில் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் மிகை வெப்பத்துக்கு உள்ளாகின்றனர் என்று 2024இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணித்தது. எம் இளைஞர் பலர் தொழில் தேடிச் செல்லும் கட்டாரில், 2021ஆம் ஆண்டின் விதிப்படி, ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எமது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, பெயருக்கேற்ப ஆலைக்குள் நிற்பவரை எண்ணி எழுதப்பட்டது. மலையில் நிற்பவளுக்கு அது குடை பிடிக்காது.

நாம் செய்யக்கூடியவை

அன்று அந்தச் சங்கம் மூன்று கோரிக்கைகளை எழுதியது: வெயில் மாதங்களில் ஒரு மணி முந்தி வேலை தொடங்குதல், மலையில் நிழற்கொட்டில், குடிநீர், மறைவான கழிப்பிடம், எச்சரிக்கை நாட்களில் கொழுந்தின் அளவைக் குறைத்தும் முழுப் பேர். முதலாவது கிடைத்தது. ஓலைக் கொட்டில் ஒன்றைப் பெண்களே போட்டார்கள். கழிப்பிடத்துக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

செலவில்லாத காரியங்களும் உண்டு. இருவர் இருவராக நின்று ஒருவரையொருவர் கவனிக்கலாம். கால் மணிக்கொரு தரம் ஒரு கோப்பை நீர் குடிக்கலாம். புதிதாக வருபவருக்கும் காய்ச்சலில் கிடந்து திரும்பியவருக்கும் உடல் பழக ஓரிரு வாரம் இலகுவான வேலை கேட்கலாம்.

ஆனால் முழுப் பொறுப்பையும் தொழிலாளியின் தலையிலேயே சுமத்துவது நியாயமல்ல. அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லாமல், தண்ணீர் குடியுங்கள் என்று இனி எந்தக் கூட்டத்திலும் நாம் பேசப்போவதில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்திலும் அக்கேள்வியை எழுப்புங்கள். அடுத்த பங்குனிக்கு முன்னரே எழுப்புங்கள்.