பழைய ஸ்டேஷன் வேகன்: முன்பாதி எளிது, பின்பாதி அரிது

பழைய கார் சேகரிப்பது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் திறந்த கூரைக் காரின் விலையைக் கேட்கும் மாதச் சம்பளக்காரர், மறுபேச்சு பேசாமல் வீடு திரும்பிவிடுவார். ஆனால் அமெரிக்காவின் பழைய கார் சந்தையில், அதே ஆண்டில், அதே நிறுவனத்தில், அதே முகத்தோடு பிறந்த இன்னொரு காரும் விலைக்கு வருவதுண்டு. 'டவுன்ஸ்மன்' என்ற பெயர் கொண்ட நான்கு கதவு ஸ்டேஷன் வேகன் அது. முன் விளக்குகள், டேஷ்போர்டு, விரும்பினால் வி8 என்ஜின் என எல்லாம் அண்ணனுக்கு இருப்பதுபோல் தம்பிக்கும் உண்டு. விலை மட்டும் வெகுவாகக் குறைவு.

நேயர்களே, ஏன் இந்த வேறுபாடு? காரில் குறையா? இல்லை. காலங்காலமாக மக்கள் அதன்மேல் வைத்திருந்த எண்ணம்தான் காரணம்.

ஸ்டேஷன் வேகன் என்ற பெயரே ரயில் நிலையத்திலிருந்து வந்தது. ரயிலில் வந்து இறங்கும் பயணிகளையும் அவர்களின் பெட்டி படுக்கைகளையும் விடுதிக்கு ஏற்றிச் செல்வதற்காக, சாதாரணக் காரின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தால் கூடு கட்டினார்கள். 1929இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் ஏ காரிலேயே இத்தகைய வண்டியைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. போருக்குப் பிறகு 1946இல் வில்லிஸ் நிறுவனம் முழுக்க எஃகினாலான வேகனைக் கொண்டு வந்தது. பெருமளவில் விற்பனைக்கு வந்த எஃகு வேகன்களில் அதுவே முதலாவது. அதன்பின் மரக்கூடு மெல்ல மறைந்தது. மரத்தின்மேல் இருந்த ஆசை மட்டும் மறையவில்லை. எனவே எஃகுத் தகட்டின்மேல் மர வரிகள் அச்சடித்த வினைல் தாளை ஒட்டி விற்றார்கள். 1950இல் தொடங்கி 1991 வரை வந்த ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயர் அந்த 'மர' அழகுக்குப் பேர்போனது.

1950களிலும் 1960களிலும் புறநகர் வீடுகள் பெருகின, பிள்ளைகளும் பெருகினார்கள். வேகன் இல்லாத தெருவே இல்லை என்ற நிலை அமெரிக்காவில் உருவானது. பள்ளிக்கூடம், மளிகைக் கடை, கோடை விடுமுறை எல்லாவற்றுக்கும் அதுதான். நான்கடிக்கு எட்டடி பிளைவுட் பலகையைத் தரையில் படுக்க வைத்து ஏற்றலாம் என்பதையே பெரிய வேகன்களின் பெருமையாகச் சொல்லி விற்றார்கள். விலை மலிவுக்கான காரணமும் அங்கேயே ஒளிந்திருக்கிறது. வேலைக்காரனை யாரும் அலங்காரம் செய்து உள்ளே உட்கார வைப்பதில்லை அல்லவா? வேகனை உழைக்க வைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அது தச்சரிடமோ பெயிண்டரிடமோ போனது. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்குப் போனது. நல்ல என்ஜின் இருந்தால் அதைக் கழற்றிப் பந்தயக் காரில் பொருத்தினார்கள். மிஞ்சியவற்றில் பல, கார்களை வேண்டுமென்றே மோதவிடும் 'டெமாலிஷன் டெர்பி' களத்தில் நொறுங்கின.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி முதல் அடி கொடுத்தது. ஏறத்தாழ 19 அடி நீளமும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. 1983ஆம் ஆண்டின் இறுதியில் கிரைஸ்லர் நிறுவனத்தின் மினிவேன் வந்தது அடுத்த அடி. அதே 1983இல் வெளியான 'நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்' திரைப்படம், கன்ட்ரி ஸ்குவயரை உருமாற்றிச் செய்த கோமாளி வேகனைக் காட்டி ஊரையே சிரிக்க வைத்தது. அதற்குப் பிறகு எந்த இளைஞன் வேகன் வாங்குவான்?

கார் சேகரிப்பவர்களின் மனப்போக்கையும் இங்கே கவனிக்க வேண்டும். பதினேழு வயதில் வாங்க முடியாமல் ஏங்கிய காரைத்தான் ஐம்பது வயதில் வாங்குகிறார்கள். ஏங்க வைத்தவை இரண்டு கதவு கூபேயும் திறந்த கூரைக் காரும்தான். அம்மா ஓட்டிய வேகனுக்காக எவரும் ஏங்கவில்லை. ஆனால் காலம் மாறியது. வேகனின் கடைசி இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பின்னால் வரும் வண்டியோட்டிகளுக்குக் கை காட்டிய பிள்ளைகள் இப்போது சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய கார் தேடுகிறார்கள். குடும்பம் மொத்தமும் ஏறிப் போகக்கூடிய பழைய கார் என்பதும் ஒரு வசதி. இருவர் மட்டுமே அமரும் காரை வாங்கிவிட்டு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிய சிரமம் இதில் இல்லை!

தொலைக்காட்சியும் கொஞ்சம் உதவியது. 1998 முதல் 2006 வரை ஒளிபரப்பான 'தட் செவன்டீஸ் ஷோ' நகைச்சுவைத் தொடரில் வரும் ஓல்ட்ஸ்மொபைல் விஸ்டா குரூசர் ஒரு கதாபாத்திரம் போலவே ஆகிவிட்டது. கூரையிலும் கண்ணாடி பதித்த வேகன் அது. தொடர் முடிந்ததும் அதில் நடித்த வில்மர் வால்டெராமா அந்தக் காரைத் தாமே வாங்கிக்கொண்டார்.

எல்லா வேகனும் மலிவல்ல

மலிவு என்றவுடன் எல்லா வேகனையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது. 1955 முதல் 1957 வரை வந்த செவர்லே நோமாட் இரண்டே கதவு கொண்டது. மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து 23,000க்கும் குறைவாகவே செய்தார்கள். சாய்ந்த தூண்களும் தனிக் கூரையும் கொண்ட அதன் அழகுக்காகச் சேகரிப்பாளர்கள் நெடுங்காலமாகவே போட்டி போடுகிறார்கள். சிறு பணத்தோடு வருபவர் அதைக் கண்ணால் பார்த்து மகிழலாம்.

உண்மையான மரக்கூடு கொண்ட 1940களின் வேகன்களின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆண்டுதோறும் மரத்துக்கு வார்னிஷ் பூச வேண்டும். கவனிக்காவிட்டால் இணைப்புகள் உளுத்துவிடும். அந்தத் தொல்லை தாங்காமல் உரிமையாளர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். கலிஃபோர்னியா கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய இளைஞர்கள், நீளமான பலகை உள்ளே நுழையும் என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை வாங்கினார்கள். அன்று கையிருப்புச் சில்லறைக்குக் கிடைத்த அந்த 'உட்டி' வேகன்களில் சில, பிற்காலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயின.

மலாயாச் சாலைகளில் மோரிஸ் மைனரைப் பார்த்து வளர்ந்த மூத்தவர்களுக்கு இந்த மரச் சங்கதி புரியும். பிரிட்டனில் 1953 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் டிராவலரின் பின்புறத்தில் தெரியும் ஆஷ் மரச்சட்டம் அலங்காரத்துக்கு அல்ல. பின்கூட்டைத் தாங்குவதே அதுதான். மரம் உளுத்திருந்தால் அங்கு வாகனச் சோதனையில் தேறாது. கன்ட்ரி ஸ்குவயரின் வினைல் உரிந்தால் அழகு மட்டுமே கெடும்.

இன்னும் இளைய வேகன்களும் உண்டு. 1991 முதல் 1996 வரை வந்த பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட், அமெரிக்காவின் முழு அளவு வேகன் பரம்பரையின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. 1994 முதல் அதற்குக் கொர்வெட் பந்தயக் காரின் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த 260 குதிரைத்திறன் கொண்ட 5.7 லிட்டர் வி8 கிடைத்தது. பக்கத்தில் மர வினைல், உள்ளே கொர்வெட்டின் உறுமல்! அன்றாடம் ஓட்டக்கூடிய பழைய கார் வேண்டும் என்பவருக்கு இது பொருத்தம்.

பணம் எங்கே கரையும்?

வாங்கும் விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். வேகனின் முன்பாதி செடானுக்கும் கூபேக்கும் பொதுவானது. எடுத்துக்காட்டாக, 1960களின் செவல் வேகனுக்கு முன் தகடு, பிரேக், என்ஜின், டேஷ்போர்டு எது கெட்டாலும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். காரணம், செவல் கூபேக்கு அவ்வளவு கிராக்கி. பின்பாதிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பின்பக்கவாட்டுத் தகடு, வளைந்த பக்கக் கண்ணாடி, பின்கதவு, கூரைமேல் சாமான் கட்டும் சட்டம், கடைசி இருக்கை ஆகியவை வேகனுக்கே உரியவை. வாங்குவோர் குறைவு என்பதால் இவற்றைப் புதிதாகச் செய்ய எவரும் முதல் போடுவதில்லை. இன்னொரு செத்த வேகனிலிருந்துதான் கழற்ற வேண்டும். அந்தச் செத்த வேகன்களோ எப்போதோ உருக்கப்பட்டுவிட்டன.

ஆகவே ஓடாத என்ஜினோடு, ஆனால் எல்லாப் பாகமும் குறையாமல் நிற்கும் வேகன், நன்றாக ஓடும் ஆனால் பின்கண்ணாடி இல்லாத வேகனைவிடப் பல மடங்கு மேல். என்ஜினைப் பட்டறையில் சரி செய்யலாம். கண்ணாடிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

பின்கதவின் வேலைப்பாடும் எளிதல்ல. 1966இல் ஃபோர்டு கொண்டு வந்த பின்கதவு லாரியின் பின்பலகைபோல் கீழேயும் விழும், வீட்டுக் கதவுபோல் பக்கவாட்டிலும் திறக்கும். 1971 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய வேகன்களில் கண்ணாடி கூரைக்குள்ளும் கதவு தரைக்குக் கீழும் போய் மறைந்தன. வியக்கத்தக்க பொறியியல்தான். பழுதானால் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்று அரிது. பின்கண்ணாடி முழுதாக மூடாவிட்டால் இன்னோர் ஆபத்தும் உண்டு. வண்டி ஓடும்போது பின்னால் உண்டாகும் காற்றழுத்தக் குறைவு, புகைக்குழாயின் நச்சுப் புகையை உள்ளே இழுத்துவிடும். பின்பக்கம் பார்த்த இருக்கையில் பிள்ளைகளை ஏற்றும் ஆசை இருந்தால் இதையும், அந்த இருக்கை பின்னால் மோதும் வண்டிக்கு நேர் எதிரே இருப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விற்பவர் என்ஜின் மூடியைத் திறந்து காட்டத்தான் முந்துவார். வாங்குபவர் நேரே பின்பக்கம் போக வேண்டும். சாவியாலோ பொத்தானாலோ பின்கண்ணாடியை மேலும் கீழும் பலமுறை இயக்கச் சொல்ல வேண்டும். பிறகு சாமான் வைக்கும் இடத்தின் விரிப்பைத் தூக்கி, உபரிச் சக்கரம் கிடக்கும் பள்ளத்துக்குள் கைவிட்டுத் தடவ வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பு வழியாக ஆண்டுக்கணக்கில் ஒழுகிய மழைநீர் அங்கேதான் தேங்கியிருக்கும். விரலில் துருத்தூள் ஒட்டினால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். விரல் தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போனால், கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.