குழி எவ்வளவு ஆழம்?

கிராமத்தில் கழிப்பறை கட்டும் கொத்தனாரிடம் வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "குழியை நல்லா ஆழமாப் போடுங்க" என்பதுதான். ஆழமாக இருந்தால் பல ஆண்டுகளுக்கு நிறையாது, அள்ளும் வேலையும் இல்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் உறைமேல் உறையாக இறக்கிய குழி நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால், அதிலுள்ள கிருமிகள் பக்கத்து அடிபம்பு வழியாகக் குடத்துக்கே வந்து சேரும்.

இதற்கு மாற்று, இரட்டைக் குழிக் கழிப்பறை. சுமார் 4 அடி ஆழத்தில் இரண்டு குழிகள். சுவரில் விடப்பட்ட இடைவெளிகள் வழியாக நீர் மண்ணில் ஊறிவிடும். ஒன்று நிறைந்ததும் கழிவை அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை மூடிவைக்க வேண்டும். ஓரிரு ஆண்டில் உள்ளே இருப்பது உலர்ந்த எருவாகிவிடும். குழியின் அடிமட்டம் நிலத்தடி நீருக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

செலவும் குறைவு. பிறகு ஏன் தயக்கம்? அள்ளும் வேலையைச் சாதியோடு கட்டிவைத்த சமூகம் இது. கையால் மலம் அள்ளவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் அந்த அருவருப்பு மனத்தைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் 2017 பிப்ரவரியில், தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில், மத்திய குடிநீர், துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தானே குழியில் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். டில்லியில் விடும் அறிக்கைகளைவிட அது மேல்.

நீர்மட்டம் மிக உயர்ந்த ஊர்களில் இந்த ஆழமற்ற குழிகூட உதவாது. காவிரிக் கரையிலுள்ள முசிறியில் அதுதான் சிக்கல். அங்கே சுப்புராமன் என்பவரின் 'ஸ்கோப்' தொண்டு அமைப்பு, குழியே தோண்டாத சூழல் கழிப்பறைகளைக் கட்டியது. மலம் தரைக்கு மேலே கட்டிய அறையில் விழும், சிறுநீர் தனிக் குழாயில் போகும், கால் கழுவும் நீர் செடிகளுக்குப் பாயும். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி சாம்பல் போட்டால் ஈரம் வற்றும், நாற்றமும் அடங்கும். நிறைந்த அறையை மாதக்கணக்கில் மூடிவைத்தால் எரு தயார். சிறுநீரும் பயிருக்கு உரமானது. அதனால் முசிறியின் பொதுக் கழிப்பறை ஒன்றில், பயன்படுத்தியவர்களுக்கே ஒரு முறைக்கு 10 காசு கொடுத்தார்கள்! சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இந்தச் சூழல் கழிப்பறையில் ஒரு கண்டிப்பு உண்டு. மலம் விழும் துளையில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் உலர வேண்டியது சேறாகிவிடும். ஆகவே கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. குழந்தை முதல் பாட்டி வரை, ஊருக்கு வரும் விருந்தாளி உட்பட, எங்கே உட்காருவது, எங்கே நகர்ந்து கழுவுவது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.