நகரப் பொருளியல் அறிஞர் இராபர்ட் வீவர்

ஒரே நகரத்தில் மாளிகைகள் நிறைந்த வீதியும், காற்றும் ஒளியும் புகாத நெருக்கடிக் குடியிருப்பும் அருகருகே அமைந்திருப்பதைக் காண்கிறோம். பின்னது ஏன் அவ்வாறு நலிவுற்றது என வினவின், 'அங்கு வாழ்வோரின் இயல்பே காரணம்' என விடை கூறுவோர் பலர். அவ்விடை பிழையானது என்பதைப் பொருளியல் நெறிநின்று நிறுவியவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் இராபர்ட் கிளிஃப்டன் வீவர் (1907-1997). ஆய்வாளராகவும் அமைச்சராகவும் கல்லூரித் தலைவராகவும் விளங்கிய அவர்தம் பணியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

வீவர் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். தந்தையார் அஞ்சல் துறை எழுத்தர். தாய்வழிப் பாட்டனார் இராபர்ட் டேனர் ஃப்ரீமேன், 1869-இல் ஹார்வர்டில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். இளமையில் மின்பணி கற்றுத் தேர்ந்த வீவர், தொழிற்சங்கத்தில் சேர முயன்றபோது நிறம் காரணமாக இடம் மறுக்கப்பட்டார். கைத்தொழிலின் கதவு அடைபட்ட நிலையில் கல்வியை நாடினார். ஹார்வர்டில் பொருளியல் பயின்று, 1934-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அநீதிக்கு ஓர் அளவுகோல்

1933-இல் ரூசுவெல்ட் அரசின் உள்துறையில் வீவர் பணியேற்றார். அரசு செலவில் வீடுகள் கட்டப்பட்ட காலம் அது. ஒப்பந்தக்காரர்கள் இன வேற்றுமை காட்டலாகாது என்ற விதி இருந்தது. ஆயினும், 'தேர்ச்சி பெற்ற கறுப்பினத் தொழிலாளர் கிடைக்கவில்லை' என்று கூறி அவர்கள் எளிதில் தப்பினர். ஒருவர் உள்ளத்தில் உள்ள வெறுப்பை எங்ஙனம் மெய்ப்பிப்பது?

வீவரும் வழக்கறிஞர் வில்லியம் ஹேஸ்டியும் இதற்கொரு வழி கண்டனர். 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரு நகரத்தில் தேர்ச்சி பெற்ற கறுப்பினத் தொழிலாளர் எத்துணையர் என்பது தெரியும். அதனை அடிப்படையாகக் கொண்டு, தேர்ச்சித் தொழிலாளர்க்கு வழங்கும் மொத்தக் கூலியில் ஒரு விழுக்காடு அவர்களைச் சேர வேண்டும் என வரையறுத்தனர். அவ்வளவு குறையின், அதுவே வேற்றுமை காட்டியமைக்கு முதனிலைச் சான்றாகும். மறுக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரரையே சாரும். மின்பணியாளராகத் தாம் பெறாத நீதியைப் பிறர் பெறுதற்கு வீவர் எண்களைத் துணைக்கொண்டார் எனலாம்.

ஒதுக்கிடம் உருவாகும் வகை

1948-இல் வெளிவந்த 'தி நீக்ரோ கெட்டோ' என்னும் நூல் வீவரின் ஆய்வுகளுள் தலையாயது. 'கெட்டோ' என்பது ஓரினத்தாரை ஒதுக்கி வைத்த குடியிருப்பைக் குறிக்கும். தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வடபுல நகரங்களுக்குப் பெருந்திரளாகக் குடிபெயர்ந்தனர். ஆயின், 'இவ்வீட்டைக் கறுப்பினத்தவர்க்கு விற்கலாகாது' என்னும் நிபந்தனைகள் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தன. வீட்டுக் கடனுக்கு உறுதியளித்த அரசு நிறுவனமும் இன அடிப்படையிலான பிரிவினையை ஊக்குவித்தது.

விளைவு யாது? நாடுவோர் பெருக, வீடுகளோ பெருகவில்லை. எனவே வாடகை உயர்ந்தது. அதனைச் செலுத்துதற்கு ஒரு வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. நெருக்கத்தால் கட்டடம் சிதைந்தது. அச்சிதைவையே சான்றாகக் காட்டி, 'இவர்கள் குடிபுகின் பகுதி கெடும்' என்று மீண்டும் தடுத்தனர். தடையின் விளைவே தடைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட இச்சுழற்சியை வீவர் தெளிவுற விளக்கினார். அதே 1948-இல், அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

அரசுப் பொறுப்பு

வீவர் 1955-இல் நியூயார்க் மாநில வாடகை ஆணையராகவும், 1961-இல் கென்னடி ஆட்சியில் கூட்டாட்சி வீட்டுவசதி நிறுவனத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். வீட்டுவசதி, நகர வளர்ச்சித் துறை 1965-இல் தோற்றுவிக்கப்பட்டது. 1966 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் அத்துறையின் முதல் அமைச்சராக வீவரை அமர்த்தினார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இன வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1968 ஏப்ரலில் அவர் காலத்திலேயே நிறைவேறியது.

எனினும் குறைகளும் உண்டு. நகரப் புதுப்பிப்புத் திட்டத்தால் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்தோருள் ஏழைக் கறுப்பின மக்கள் மிகுதி என்ற கண்டனம் எழுந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் தொடக்கத்தில் வலிமை குன்றியதாகவே இருந்தது. 1988-ஆம் ஆண்டுத் திருத்தமே அதற்கு வலிமை ஊட்டியது.

மீண்டும் கல்விக்கூடம்

பதவி துறந்த வீவர் ஓய்வை நாடவில்லை. 1969-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பரூக் கல்லூரியின் தலைவரானார். அக்கல்லூரி தனித்தியங்கத் தொடங்கிய மறு ஆண்டு அது. பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் ஹன்டர் கல்லூரியில் நகரியல் பேராசிரியராக 1978 வரை பணியாற்றினார். 1997-இல் மறைந்தார். அவர் தலைமையேற்ற துறையின் வாஷிங்டன் தலைமைக் கட்டடம் 2000-இல் அவர் பெயரைப் பெற்றது.

முடிவுரை

அநீதி கண்டு வருந்துவோர் பலர். அது நிகழும் முறையை ஆராய்ந்து, அளந்து, மறுக்கவொண்ணாத சான்றாக அவையின்முன் வைப்போர் சிலரே. வீவர் அச்சிலருள் ஒருவர். பட்டத்திற்காக மட்டும் ஆய்வு செய்யாது, தாம் கற்ற கல்வியைக் குரலற்றோர்க்கு வழக்குரைக்கும் கருவியாக்குதல் கற்றோர் கடனாகும். நலிந்த குடியிருப்பு ஒன்றைக் காணும்போது, 'இவர்கள் ஏன் இப்படி?' என்று கேளாது, 'எவ்விதி இவர்களை இங்கு நிறுத்தியது?' எனக் கேட்க நம் மாணவர் பழகுவாராயின், வீவரின் வாழ்வு நமக்கும் பயன்தந்ததாகும்.