பொமார்சோ காட்டின் பூதங்கள்

ரோமுக்கு வடக்கே, பொமார்சோ என்ற மலையூரின் அடிவாரத்துக் காட்டை 16-ஆம் நூற்றாண்டில் ஒரு விசித்திர உலகமாக மாற்றினார் விச்சீனோ ஓர்சீனி. அந்த ஊரின் பிரபு. போருக்குப் போய்ச் சிறைப்பட்டு மீண்டவர். பக்கத்து ஊரான பன்யாயாவில் அதே நூற்றாண்டில் உருவான வில்லா லாந்தே தோட்டத்தில் செடிகூட அளவெடுத்து நிற்கும். இங்கே அந்த ஒழுங்குக்கே இடமில்லை. எரிமலைப் பாறைகளைக் கிடந்த இடத்திலேயே செதுக்கவைத்தார் ஓர்சீனி. பாறை எங்கிருந்ததோ, அங்கேதான் பூதமும்.

ரோமானிய வீரனைத் துதிக்கையில் சுருட்டிய யானை, முதுகில் பெண்ணுருவைச் சுமக்கும் ராட்சத ஆமை, வாயைப் பிளந்த பாதாள தேவன். அந்த வாய்க்குள் படியேறிப் போனால் கல்மேசை போட்ட ஓர் அறை. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் சாய்ந்த வீடுதான். அது காலத்தால் சாய்ந்ததன்று, சாய்த்தே கட்டியது. உள்ளே தரையும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருப்பதால் கண் அதை நேரான அறை என்று நம்பிவிடுகிறது. கால் நம்ப மறுக்கிறது. தலை சுற்றுகிறது. இல்லாத கட்டடங்களைச் சர்ரியலிஸ்டுகள் என்ற கனவுலக ஓவியர்கள் கித்தானில் வரைவதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் முன்பே ஒருவர் அப்படியொன்றைக் கல்லில் கட்டிக் காட்டிவிட்டார்.

ஓர்சீனிக்குப் பிறகு கவனிப்பாரில்லை. புதர் மூடியது, பாசி படர்ந்தது. 1948-இல் சர்ரியலிஸ்ட் ஓவியர் சால்வதோர் தாலி வந்து பார்த்து மயங்கியது இந்தப் பாழடைந்த காட்டைத்தான். 1954-இல் ஜொவான்னி பெத்தீனி என்பவர் இடத்தை வாங்கி, புதர் நீக்கிச் சீரமைத்தார்.

இன்று நுழைவுச்சீட்டு உண்டு, நடைபாதை உண்டு, பள்ளிப் பிள்ளைகளின் கூச்சலும் உண்டு. தாலி கண்ட காட்டுத்தனம் போய்விட்டதே என்று வருந்துபவர்களோடு நான் சேரமாட்டேன். ஓர்சீனி இதை விருந்தினர் வந்து வியக்கத்தானே செய்தார்! பாசியும் புதரும் அவர் கேட்டவை அல்லவே. பாதாள தேவனின் வாய்க்குள் ஒரு குழந்தை கிசுகிசுத்தால் வெளியே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அந்த விளையாட்டு அன்று பிரபுவின் நண்பர்களுக்கு, இன்று சீட்டு வாங்கிய எவருக்கும்.

எல்லோரும் படமெடுக்கிறார்கள். சாய்ந்த வீட்டுக்குள் எடுத்த படத்தில் மனிதர்கள் கோணலாக நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தலைசுற்றலுக்குத் தரையில் காலூன்றியே ஆகவேண்டும்.