சுரங்க நிலையத்தில் ரயில் வரலாறு

நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவோரப் படிக்கட்டில் இறங்கினால் அருங்காட்சியகம் வந்துவிடும். 1936-இல் திறந்து, போதிய கூட்டமில்லாமல் 1946-இல் மூடப்பட்ட கோர்ட் தெரு சுரங்க ரயில் நிலையம், 1976 முதல் போக்குவரத்து அருங்காட்சியகமாக இயங்குகிறது.

கீழ்த்தளத்தில் நடைமேடையின் இருபுறமும் பழைய ரயில் பெட்டிகள். ஏறி உட்காரலாம்: பிரம்பு இருக்கை, கூரையில் மின்விசிறி, அந்தக் காலத்து விளம்பரங்கள். மேலே பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஏறிய பிள்ளைகளை இறக்குவதுதான் பெரும்பாடு!

பயணிகளை எண்ணி உள்ளே விட்ட சுழல் தடுப்புகளை அவசியம் பார்க்க வேண்டும். 1904 முதல் 1948 வரை கட்டணம் 5 சென்ட்தான். ஒரு நாணயம் போட்டால் வழிவிடும். 1953-இல் கட்டணம் 15 சென்ட் ஆனது. அந்தத் தொகைக்கு ஒற்றை நாணயம் ஏது? அப்போது பிறந்ததுதான் டோக்கன். அந்தச் சிறு உலோக வில்லையின் நடுவே ‘ஒய்’ எழுத்து வெட்டப்பட்டிருக்கும். வடிவங்கள் மாறினாலும், 2003 வரை சுரங்க ரயிலில் டோக்கன்கள் செல்லுபடியாகின.